வீங்கிய கால் நடக்கட்டும்

யானைக்கால் வந்தவருக்கும், புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் கை வீங்கியவருக்கும் காலம்காலமாகச் சொல்லப்பட்டது ஒரே அறிவுரை: அசையாதே. அது தவறு என்பது இன்று தெளிவாகியிருக்கிறது.

ஒடிஷாவின் குர்தா மாவட்டத்தில் நாற்று நடப் போகும் பெண்ணுக்கும், மும்பையில் மின்சார ரயிலில் இடிபட்டு அலுவலகம் போகும் பெண்ணுக்கும் பொதுவாக எதுவும் இருக்க நியாயமில்லை, ஒரு வீக்கத்தைத் தவிர. முதலாமவருக்குக் காலில். கொசு கொண்டுவந்து விட்ட புழுவின் வேலை. இரண்டாமவருக்குக் கையில். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களை அகற்றியதன் விளைவு. இப்படிப்பட்டவர்களுக்கு ஊரும் உறவும், சில சமயம் மருத்துவர்களும்கூட, ஒரே மாதிரிதான் புத்தி சொல்லி வந்தார்கள். "காலைத் தொங்கவிடாதே, நடக்காதே." "அந்தக் கையால் குடத்தைத் தூக்காதே, குழந்தையைத் தூக்காதே."

அக்கறையோடு சொல்லப்பட்ட வார்த்தைகள்தான். ஆனால் கெடுதல் செய்தவை. அசையாத கால் மேலும் கனக்கிறது. அசையாத கையில் பலம் போய்விடுகிறது. கூலி வேலை செய்பவருக்குக் கூலி போகிறது. முறையாகச் செய்யும் உடற்பயிற்சி வீக்கத்தைக் கூட்டுவதில்லை, அதனால் வரும் தொல்லைகளைக் குறைக்கிறது என்பதுதான் கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சிகளின் சாரம்.

இதயம் இல்லாத ஓட்டம்

ரத்தத்தை ஓடவைக்க இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஓர் இயந்திரம் கிடையாது. ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் திரவத்தில் ஒரு பகுதியை நிணநீர்க் குழாய்கள் சேகரித்து, நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் அளவுக்குக் கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. பாதத்திலிருந்து கழுத்துவரை மேல்நோக்கிய பயணம். குழாய்கள் தாமே மெல்லச் சுருங்கி விரிகின்றன. உள்ளே இருக்கும் வால்வுகள் திரவத்தைப் பின்னால் திரும்பவிடுவதில்லை. மீதி வேலையைச் செய்வது தசை. ஒவ்வொரு முறை ஆடுசதை இறுகும்போதும் நிணநீர் கொஞ்சம் மேலே தள்ளப்படுகிறது. ஆழமாக மூச்சு விடும்போது மார்புக்குள் அழுத்தம் மாறி, அந்தத் திரவத்தை மேலே இழுக்கிறது.

இந்தப் பாதையில் அடைப்போ சேதமோ ஏற்பட்டால் திரவம் தேங்குகிறது. அதில் புரதமும் இருப்பதால் நாளாவட்டத்தில் தோல் தடித்து, கொழுப்பும் நார்த்திசுவும் பெருகுகின்றன. அமுக்கினால் குழி விழுந்த கால், பிறகு அமுக்கினாலும் குழி விழாத கட்டையாகிறது. யானைக்கால் நோயில் சேதத்தைச் செய்பவை நிணநீர்க் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் வாழும் ஃபைலேரியா புழுக்கள். இந்தியாவில் பெரும்பாலும் வுச்சரேரியா இனம். பரப்புவது சாக்கடையில் பெருகும் க்யூலக்ஸ் கொசு. புற்றுநோய் சிகிச்சையில் கத்தியும் கதிர்வீச்சும் அதே சேதத்தை வேறு வழியில் செய்கின்றன. இந்த ஒற்றுமையை 1921-லேயே கவனித்தவர் அமெரிக்க அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட். மார்பக அறுவைக்குப் பின் வரும் கை வீக்கத்துக்கு அவர் வைத்த பெயரின் பொருளே 'அறுவை யானைக்கால்' என்பதுதான்.

பயத்தைக் கலைத்த படகு

கை வீக்கத்துக்குப் பயந்து பெண்களைச் சும்மா உட்காரவைத்த வழக்கத்தை முதலில் உரக்கக் கேள்வி கேட்டவர் கனடாவின் வான்கூவர் நகரத்து விளையாட்டு மருத்துவர் டான் மெக்கென்ஸி. 1996-ல், மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த 24 பெண்களை அவர் டிராகன் படகில் ஏற்றினார். ஆலப்புழைப் படகுப் போட்டியைப் போலவே பலர் வரிசையாக உட்கார்ந்து ஒரே தாளத்தில் துடுப்புப் போடும் சீன விளையாட்டு அது. தோளுக்கும் கைக்கும் அதைவிடக் கடுமையான வேலை கிடையாது. பழைய பாடத்தின்படி அத்தனை கைகளும் வீங்கியிருக்க வேண்டும். யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு மோசமாகவும் இல்லை.

இருபத்து நான்கு பேரை வைத்து மருத்துவ உலகம் முடிவெடுக்காது. அதற்கு இன்னும் 13 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில், ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களிடம் ஓராண்டு ஆய்வு நடந்தது. ஒரு பாதியினர் வாரம் இருமுறை எடை தூக்கினார்கள், கையில் அழுத்த உறை அணிந்து, மிகக் குறைந்த எடையில் தொடங்கி, படிப்படியாக. மறு பாதியினர் வழக்கம்போல் இருந்தார்கள். 2009-ல் முடிவு வெளியானது. வீக்கம் கூடியவர்கள் எடை தூக்கியவர்களில் 11 சதவீதம், தூக்காதவர்களில் 12 சதவீதம். அதாவது வித்தியாசமே இல்லை. ஆனால் திடீரென்று நிலைமை முற்றி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் தூக்காதவர்களில் 29 சதவீதம், தூக்கியவர்களில் 14 சதவீதம்தான். வீக்கம் இன்னும் வராத பெண்களிடம் அதே குழு நடத்திய அடுத்த ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்கள் அகற்றப்பட்டவர்களில் எடை தூக்கியோருக்கு 7 சதவீதமும் தூக்காதோருக்கு 22 சதவீதமும் வீக்கம் கண்டது.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. அக்குள் கணுக்களை முழுமையாக அகற்றும் அறுவை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வரலாம் என்கின்றன உலக ஆய்வுகள். குடத்தையும் குழந்தையையும் தூக்காமல் எத்தனை ஆண்டு வாழ முடியும்? தூக்கத்தான் போகிறார்கள். பழகிய கை அந்தச் சுமையைத் தாங்கும். பழகாத கைக்குத்தான் ஆபத்து.

மந்துக் காலோடு மலையேறியவர்

கேரளத்தில் யானைக்காலுக்கு 'மந்து' என்று பெயர். மந்துக்காலோடு தினமும் மலைமேல் பாறையை உருட்டிக்கொண்டு போய், உச்சியிலிருந்து தள்ளிவிட்டுச் சிரித்த நாறாணத்துப் பிராந்தனின் கதை அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். சுடுகாட்டுக் காளி எதிரே வந்து வரம் தர முன்வந்தாள். சாகும் நாளை ஒரு நாள் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள். ஒரு நாள் முந்தி வைக்க? அதுவும் முடியாது. அப்படியானால் மந்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றிவிடு என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அவர் ஏறியதாகச் சொல்லப்படும் ராயிரநெல்லூர் குன்று பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. உச்சியில் அவருக்குச் சிலையும் உண்டு.

கதை கிடக்கட்டும். யானைக்காலோடு தினமும் மலையேறலாமா? நேர்மையான பதில்: காலைக் கழுவிவிட்டு ஏறலாம். ஏனென்றால் வீக்கத்தைப் படிப்படியாகப் பெருக்குவது புழு மட்டுமல்ல. விரலிடுக்கில் சேற்றுப்புண், பாதத்தில் வெடிப்பு, சிறு கீறல் இவற்றின் வழியே நுழையும் பாக்டீரியா அடிக்கடி காய்ச்சலையும் சிவப்பையும் வலியையும் கொண்டுவருகிறது. ஒவ்வொரு தாக்குதலும் நிணநீர்ப் பாதையை இன்னும் கொஞ்சம் கெடுத்துவிட்டுப் போகிறது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்தால் இந்தத் தாக்குதல்களைத் தடுக்கலாம் என்று 1990-களில் காட்டியவர் பிரேசிலின் ரெசிஃபே நகரத்து மருத்துவர் ஜெருசா டிரேயர். கழுவுவது, பயிற்சி செய்வது, உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைப்பது, காலணி அணிவது ஆகியவைதான் உலக சுகாதார நிறுவனம் இன்றும் சொல்லும் அடிப்படைப் பராமரிப்பு.

இந்தியாவில் இதைச் செய்துகாட்டிய இடங்கள் உண்டு. காசர்கோட்டில் 1999-ல் தொடங்கிய பயன்பாட்டுத் தோல் மருத்துவ நிறுவனம், சோப்புக் கழுவலோடு ஆயுர்வேத மூலிகைத் தண்ணீரையும் யோகப் பயிற்சியையும் அழுத்தக் கட்டையும் சேர்த்து ஒரே சிகிச்சையாக்கியது. மூச்சுப் பயிற்சியும் மூட்டுகளை மடக்கி நீட்டும் எளிய ஆசனங்களும் கட்டுப் போடும் முன்னும் பின்னும் உண்டு. குல்பர்கா, ஆலப்புழை மாவட்டங்களில் 730 நோயாளிகளுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்து, முடிவை 2013-ல் வெளியிட்டார்கள். காய்ச்சல் தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

உழைப்பவருக்கு எதற்குப் பயிற்சி?

வயலில் நாள் முழுக்க வேலை செய்கிறவரிடம் உடற்பயிற்சி பற்றிப் பேசினால் சிரிக்கத்தான் செய்வார். நியாயமான சிரிப்பு. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. நாற்று நடும்போது கால் சேற்றில் ஊன்றியபடி மணிக்கணக்கில் நிற்கிறது. இடுப்புதான் வளைகிறது, ஆடுசதை சுருங்கி விரிவது குறைவு. நெசவுக்காரரும் டீக்கடை மாஸ்டரும் போக்குவரத்துக் காவலரும் இதே கட்சிதான். நிற்பது நிணநீரைக் கீழே இறக்குகிறது, நடப்பது மேலே ஏற்றுகிறது. எனவே இவர்களுக்கு வேண்டியது கூடுதல் உழைப்பு அல்ல, வேலைக்கு நடுவே சில நிமிட அசைவு.

அதற்குச் செலவில்லை. முதலில் வயிறு எழும்பித் தாழும்படி ஐந்தாறு ஆழ்ந்த மூச்சு. பிறகு, பாதை மேலே திறந்தால்தான் கீழே இருப்பது நகரும் என்பதால், தோளையோ தொடையையோ முதலில் அசைத்து, அதன் பிறகு முழங்கை, முழங்கால், கடைசியில் விரல்கள். காலுக்கு: பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, கணுக்காலை வட்டமாகச் சுழற்றுவது, நின்றபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது. கைக்கு: உள்ளங்கையை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளைச் சுழற்றுவது. ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து முறை, காலையும் மாலையும். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். தண்ணீருக்குள் நடப்பதும் நீந்துவதும் மிக நல்லது. தண்ணீரின் அழுத்தமே கட்டுப் போட்டது மாதிரி. ஆனால் தோலில் புண் இருந்தால் கூடாது, அழுக்குக் குளம் எப்போதும் கூடாது.

மற்றொரு விதி அழுத்தம். கட்டோ உறையோ அணிந்து பயிற்சி செய்யும்போது தசை உள்ளிருந்தும் துணி வெளியிலிருந்தும் அமுக்க, நடுவே உள்ள திரவத்துக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. ஆனால் கட்டுப் போடுவது கைப்பழக்கம். பிசியோதெரபி நிபுணரிடம் ஒருமுறையாவது கற்றுக்கொள்ள வேண்டும். தவறாக இறுக்கிய கட்டு கெடுதல். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் அடைப்பு உள்ளவர்களும் இதய பலவீனம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கட்டக்கூடாது.

எடை தூக்க விரும்புகிறவர்கள் அரை கிலோவில் ஆரம்பித்து, மறுநாள் கை கனக்காவிட்டால் மட்டும் கூட்டலாம். ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் எடையைக் குறைத்துத் தொடங்குவது உத்தமம்.

எப்போது நிறுத்த வேண்டும்? கை, கால் கனத்து, இறுக்கமாகத் தோன்றினால் அன்றைக்குப் போதும். சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் பயிற்சியும் கட்டும் வேண்டாம். காலை உயர்த்தி வைத்து, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வலியோடு வீங்கினால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்கக் கூடாது.

மாத்திரைக்கு அப்பால்

யானைக்காலை 2027-க்குள் ஒழிப்பது இந்திய அரசின் இலக்கு. 2004 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் ஆண்டுதோறும் மக்கள் அனைவருக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது. 2018 முதல் பல மாவட்டங்களில் மூன்று மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன. புதிதாக நோய் பரவுவதைத் தடுக்க இது அவசியம். ஆனால் ஏற்கெனவே வீங்கிய காலை எந்த மாத்திரையும் பழையபடி ஆக்குவதில்லை. வாளி, குவளை, துண்டு, சோப்பு, களிம்பு அடங்கிய பையை அரசு தருகிறது. பையோடு, காலை எப்படி அசைப்பது என்று உட்கார்ந்து காட்டிக்கொடுக்க ஓர் ஆளும் வேண்டும்.

ஆள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குர்தாவில் பதில் இருக்கிறது. அங்கே கிராமத் தொண்டர்கள் வீடுவீடாகப் போய்க் கழுவவும் பயிற்சி செய்யவும் கற்றுக்கொடுத்தார்கள். 370 நோயாளிகளை ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். நோயால் இழந்த வேலை நாட்கள் ஒருவருக்கு மாதத்தில் சராசரியாக இரண்டரை குறைந்திருந்தன. நோயாளி ஒருவருக்கு வாழ்நாளில் மிச்சமாகும் பணம், அவருக்கு ஆன செலவைப்போல் 130 மடங்குக்கு மேல் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

கால் பழைய கால் ஆகிவிடாது. ஆனால் மாதத்தில் இரண்டரை நாள் கூலி என்பது அன்றாடம் காய்ச்சிக் குடிக்கும் குடும்பத்தில் அரிசி, எண்ணெய், பிள்ளையின் நோட்டுப் புத்தகம்.