குளிர்நாட்டு வீடும் கொதிகலனும்

நம் நாட்டில் வெப்பத்தைத் தணிக்க விசிறியை நாடுகிறோம். இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளிலோ, பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கினால்தான் மக்கள் நலமாக வாழ இயலும். அதற்கு உதவுவதே கொதிகலன். எரிவாயு எரிந்து நீரைச் சூடாக்கும். அந்நீர் குழாய்களின் வழியே அறைதோறும் சென்று, வெப்பத்தைத் தந்து, கலனுக்கே மீளும்.

மாணவர்களே! நல்ல கொதிகலனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? எரிவாயு எரியும்பொழுது நீராவியும் உண்டாகிறது. ஒரு கிலோகிராம் நீராவி நீராக மாறும்பொழுது ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடும். பழைய கலன்கள் இவ்வெப்பத்தைப் புகைபோக்கி வழியே வீணாக்கின. ஆவியை நீராக்கி அவ்வெப்பத்தையும் மீட்கும் கலனே சிறந்தது. 2005ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயுக் கலன்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. எனினும், கலனுக்கு மீளும் நீர் ஏறத்தாழ 55 பாகை செல்சியசுக்குக் குறைவாக இருந்தால்தான் இப்பயன் முழுமையாகக் கிட்டும்.

கலன் வீட்டின் தேவைக்கு மிகாத அளவினதாய் இருத்தல் வேண்டும். பழுதுற்ற கலனிலிருந்து நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு எனும் நச்சுவாயு கசிந்து உயிரைப் பறிக்கக்கூடும். ஆதலின், தேர்ந்த பணியாளரைக் கொண்டு ஆண்டுதோறும் சோதித்தல் இன்றியமையாதது.

மலிவை மட்டும் நோக்கி வாங்குவோர், பின்னர் எரிபொருளுக்கே பெரும்பொருள் இழப்பர். எப்பொருளை வாங்கினும் அதன் பயனையும் பாதுகாப்பையும் ஆராய்ந்து வாங்குவோமாக!