மின்சாரத்துக்கும் நாடி பார்க்கலாம்!

தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் வீட்டு விளக்கு சட்டென்று மங்கி மீள்வதைப் பார்த்திருக்கிறீர்களா? மின்சாரத்துக்கு வந்த சின்னத் தும்மல் அது!

நம் வீட்டு மின்சாரம் ஆற்று நீர் போல ஒரே திசையில் ஓடுவதில்லை. ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடுகிறது. நொடிக்கு 50 முறை! அதன் மின்னழுத்தம் 230 வோல்ட். வரைந்து பார்த்தால், சீராக ஏறி இறங்கும் அலை கிடைக்கும்.

இந்த அலைக்கும் நோய் வரும். பெரிய மோட்டார் ஓடத் தொடங்கினால் அலை குட்டையாகும். அது திடீரென நின்றால் சில சமயம் அலை உயரும். மின்னல் தாக்கினால் ஊசி போல முனை எழும். கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்கு போன்றவை மின்சாரத்தை விட்டு விட்டு இழுப்பதால் அலை நெளியும்.

இதனால் என்ன என்கிறீர்களா? ஒரு நொடிகூட நீடிக்காத தாழ்வு, தொழிற்சாலை இயந்திரத்தையே நிறுத்திவிடலாம். நெளிந்த அலையால் டிரான்ஸ்பார்மரும் கம்பிகளும் அளவுக்கு மீறிச் சூடாகும்.

நம் கண்ணால் இந்த அலையைப் பார்க்க முடியாது. இங்கேதான் 'டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்' கைகொடுக்கிறது. ஒரு கருவி, ஒவ்வோர் அலையிலும் 256 தடவை மின்னழுத்தத்தை அளந்து எண்களாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 12,800 எண்கள்!

நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து ஒலித்தாலும் உங்கள் காது இரண்டையும் பிரித்தறிகிறது அல்லவா? அதுபோல, நெளிந்த அலையைப் பல எளிய அலைகளாகப் பிரிக்கலாம். இந்த வழியை பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஃபூரியே, வெப்பம் பற்றி 1822-ல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

ஆனால் கணக்கு நீளமானது. நான்கே அலைகளுக்கான 1,024 எண்களுக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெருக்கல்கள்! 1965-ல் அமெரிக்கர்களான கூலி, டூக்கி இருவரும் வெளியிட்ட குறுக்குவழியில் சுமார் பத்தாயிரமே போதும்.

ஒரு குறை உண்டு. எந்தெந்த வாத்தியம் ஒலித்தது என்று ஃபூரியே முறை சொல்லும். எந்த நேரத்தில் என்று தெளிவாகக் காட்டாது. மின்னல் ஊசி குத்திய நேரத்தை அறிய, 1980-களில் வளர்ந்த 'வேவ்லெட்' முறை உதவுகிறது. ஒரு குட்டி அலையை நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கும் வித்தை அது.

நோய் தெரிந்தால் மருந்தும் கிடைக்கும். தாழ்வுக்கு யு.பி.எஸ்., நெளிவுக்கு ஃபில்டர், மின்னல் ஊசிக்கு சர்ஜ் அரெஸ்டர்!

நாடி பார்க்கும் வேலை கருவிக்கு. பிளக் பாயிண்டில் நீங்கள் கை வைக்கவே கூடாது! உங்களுக்கு ஒரு கணக்கு மட்டும்: ஒரு நாளில் உங்கள் வீட்டில் எத்தனை அலைகள் எழும்?

(விடை: 43,20,000)