கணிப்பொறியில் ஒரு குறுவை

தஞ்சைப் பகுதியில் குறுவை நாற்று விடும் நாளை இரண்டு வாரம் தள்ளினால் மகசூல் என்ன ஆகும்? வயலில் சோதிக்கப் பல பருவங்கள் வேண்டும். கணிப்பொறிக்குச் சில நிமிடங்கள் போதும். மழை, வெயில், பகல் வெப்பம், இரவு வெப்பம், மண், ரகம், நடவு நாள், இட்ட உரம் ஆகிய விவரங்களைக் கொடுத்தால், பயிரின் அன்றாட வளர்ச்சியை அது கணக்கிட்டுச் சொல்லும். இதற்குப் பயிர் வளர்ச்சி மாதிரி என்று பெயர். பிறகு வெப்பத்தை மட்டும் 2 டிகிரி கூட்டி, அதே பயிரை மறுபடி 'சாகுபடி' செய்து பார்க்கிறார்கள்.

வெப்பம் கூடினால் நெல் விரைவில் முதிர்ந்துவிடும். மணி பால் பிடிக்கும் நாட்கள் குறையும். பூக்கும் வேளையில் 35 டிகிரியைத் தாண்டினால் பதர் மிகும். இரவுப் புழுக்கமும் லேசானதல்ல. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடியதற்கு மகசூல் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக 2004-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

பூக்கும் நாட்கள் கடும் வெயிலில் அகப்படாதபடி நடவை நகர்த்துவதே அதிகச் செலவில்லாத வழி. ஆனால் பம்புசெட் உள்ளவருக்குத்தான் அது கைகூடும். மேட்டூர்த் தண்ணீரை நம்பியவருக்கு அணை திறப்பதே நல்ல நாள்! அவர்கள் நாளை மாற்ற முடியாவிட்டாலும் ரகத்தின் வயதை மாற்றிப் பார்க்கலாம். பெரும்பாலான மாதிரிகள் புகையானையும் குலைநோயையும் கணக்கில் கொள்வதில்லை என்பதையும் மறக்கலாகாது. விதைத்த நாள், பூத்த நாள், கண்டுமுதல் மூன்றையும் வயல்வாரியாகக் குறித்து வைத்திருந்தால், மாதிரியின் கணக்கு தம் ஊருக்குப் பொருந்துகிறதா என்று வேளாண்மை அலுவலருடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.