உழவு நின்ற வயலும் பாராசிங்கா மான்களும்

உழாமல் விட்ட நிலத்தை இயற்கை தானே பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. கிளைக்கு வரும் நிலவுடைமையாளர்கள் சிலரும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறோம். இவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரியானது என்பதை மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா தேசியப் பூங்கா நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

மண்ட்லா, பாலாகாட் மாவட்டங்களில் பரந்துள்ள கன்ஹா, 1955-இல் தேசியப் பூங்காவாயிற்று. கடினத் தரையில் வாழும் பாராசிங்கா மானினத்தின் கடைசிப் புகலிடம் இதுவே. சதுப்பு நிலத்தில் வாழும் இதன் உறவினங்களுக்குக் குளம்புகள் அகன்றிருக்கும்; இதற்கோ கெட்டித் தரைக்கேற்ற குளம்புகள். 1970-இல் எடுத்த கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தவை 66 மான்களே.

புள்ளிமான் புல்லோடு தழையையும் கனியையும் உண்டு சமாளித்துக்கொள்ளும். பாராசிங்காவுக்குப் புல்லே ஏறத்தாழ முழு உணவு. தாய்மான் தன் கன்றை மறைத்து வைப்பதும் உயர்ந்த புல்லிடையேதான். ஆகவே புல்வெளி சுருங்கியபோது உணவும் மறைவிடமும் ஒருங்கே குறைந்தன. கால்நடை மேய்ச்சலும், புல்லுக்கு அடிக்கடி வைக்கப்பட்ட தீயும் நிலைமையை மேலும் மோசமாக்கின.

இந்நிலையில் பூங்காவின் உட்பகுதியிலிருந்த சிற்றூர்கள் படிப்படியாக வெளியே குடியமர்த்தப்பட்டன. சோன்ஃப் என்னும் ஊரின் விளைநிலங்கள் அவ்வாறு புல்வெளியாயின; பிற்காலத்தில் பாராசிங்காக்கள் அங்கே பெருகின. கொன்றுண்ணிகள் நுழையாத வேலியடைப்பு ஒன்றும் மான்களின் இனப்பெருக்கத்துக்குத் துணை நின்றது.

ஆனால் உழவு நின்றதும் வயல் தானாகப் புல்வெளி ஆகிவிடுவதில்லை. முதலில் தலைதூக்குவது தகரை போன்ற களையே. அதையடுத்து உண்ணிச்செடிப் புதர் பரவும். பின்னர் மரக்கன்றுகள் எழும். கவனியாது விட்டால் சில ஆண்டுகளில் மான் கடிக்கத்தக்க புல் அங்கு அரிதாகிவிடும்.

ஆகவே புல்வெளியைப் பேணச் சில பணிகள் தொடர்ந்து நடைபெற வேண்டும். தகரையை விதை முற்றுவதற்கு முன்பே பிடுங்க வேண்டும். உண்ணிச்செடியை வேரோடு அகற்ற வேண்டும். வெற்றிடங்களில் அம்மண்ணுக்குரிய புல்லின் விதையைத் தூவலாம்; அல்லது மழை தொடங்கும்போது தூர் பிரித்து நடலாம். வெளியூர்ப் புல்லைக் கொணர்ந்தால் அதுவே புதிய களையாகிவிடக்கூடும். பள்ளமான பழைய வயல்களில் ஈரம் நெடுநாள் நிற்பதால் அங்கே உயர்ந்த புல் செழிக்கும். தீயைப் பயன்படுத்த நேர்ந்தாலும் வெளி முழுவதையும் ஒரே சமயத்தில் எரிக்கலாகாது. கன்றுகள் மறைந்திருக்க முதிர்ந்த புல்லில் ஒரு பகுதியை விட்டுவைக்க வேண்டும்.

இத்தகைய பராமரிப்பின் பயனாக மான்களின் எண்ணிக்கை இன்று 800-ஐக் கடந்துள்ளது. 2015 முதல் சில மான்கள் சாத்பூரா காட்டிலும் குடியேற்றப்பட்டுள்ளன. ஒரே காட்டில் நோயோ தீயோ நேர்ந்தால் இனமே அழிந்துவிடாதிருக்க இது ஒரு காப்பு. முதலீட்டை ஒரே இடத்தில் வைக்கலாகாது என்று நாங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

இக்கணக்கில் மறக்கலாகாத பற்று ஒன்று உண்டு. அவ்வயல்களை உழுது வாழ்ந்தவர்கள் கோண்டு, பைகா உள்ளிட்ட மக்கள். மான்களுக்குக் கிடைத்த மேய்ச்சல் நிலம் அவர்கள் விட்டுச் சென்ற நிலமே. புலிகள் காப்பகங்களின் உட்பகுதியிலிருந்து மக்கள் தம் விருப்பத்தோடு இடம்பெயர்வதே முறை என்று 2006-இல் சட்டம் வகுத்தது. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயாக இருந்த உதவித்தொகை 2021-இல் 15 லட்சமாக உயர்த்தப்பட்டது. தலைமுறைகளாக நிலத்தையே நம்பியிருந்த குடும்பத்துக்கு மொத்தமாக வரும் பணம் விரைவில் கரைந்துவிடக்கூடும். அதில் எவ்வளவு புதிய நிலத்துக்கு, எவ்வளவு வைப்புக்கு, எவ்வளவு அன்றாடச் செலவுக்கு என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் பொறுமையாக விளக்குவது வங்கியாளராகிய எங்கள் கடமை.

நிலமாயினும் பணமாயினும், சும்மா விட்டுவைப்பது வேறு, பேணுவது வேறு. உங்களிடம் தரிசு நிலம் இருக்குமாயின், அதை எப்பயனுக்கு ஒதுக்கினாலும், ஆண்டுதோறும் ஆகும் பராமரிப்புச் செலவை முதல் நாளே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்ஹாவின் புல்வெளியில் ஒவ்வோர் ஆண்டும் களை பிடுங்கும் வேலை இன்றும் ஓய்ந்தபாடில்லை.