ஆகாய வழிச் சரக்கும் அதற்கென எரியும் எண்ணெயும்

கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் கடலோடு பிறந்து கடலோடு வாழும் ஊர்கள். இக்கரையில் இந்துக்களும் இஸ்லாமியரும் ஒரே கடலை நம்பியே உலை வைக்கின்றனர். இங்குள்ளோர் நன்கறிந்த மீன்களுள் ஒன்று, சந்தையிலே கெலவல்லா என வழங்கும் மஞ்சட்செட்டைச் சூரை. நம் நாட்டுக் கரைகளில் இறங்கும் அம்மீனில் தரம் மிக்கது பனிக்கட்டியில் இடப்பட்டுக் கட்டுநாயக்க விமான நிலையத்தை அடைகின்றது. அங்கிருந்து விமானமேறி ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்கின்றது. இவ்விரைவுக்கு உலகம் கொடுக்கும் விலை யாது? அதனைக் குறைக்க வழியுண்டா? தமிழ் கற்பிக்கும் நாம் இத்துறை வல்லுநர் அல்லேம். ஆயினும் கற்றறிந்தவற்றைப் பழைய மாணவர்க்கும் இளைய மாணவர்க்கும் எளிய முறையிற் கூற முயல்கின்றோம்.

விமானம் எரிப்பது நம் அடுக்களை மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்த எண்ணெயே. அதன் நிறையில் ஏறக்குறைய 86 வீதம் காபன். எரியும்போது ஒவ்வொரு 12 பங்கு காபனும் காற்றிலுள்ள 32 பங்கு ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு 44 பங்கு காபனீரொட்சைட்டு ஆகின்றது. ஆகவே ஒரு கிலோ எண்ணெய் எரிந்தால் 3.16 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவரும். எரித்ததினும் வெளிவந்தது மிகுதியாயிருப்பது எங்ஙனம் என வியப்போர் இக்கணக்கை நினைவிற் கொள்க.

இனி, பாரத்தின் கணக்கு. நீண்ட தூரம் பறக்கும் விமானத்தில் மேலதிகமாக ஏற்றிய பாரத்தைச் சுமப்பதற்கே, அப்பாரத்தின் நிறையில் ஏறத்தாழ 3 வீத எண்ணெய் மணிதோறும் செலவாகும் என்பது விமானத்துறையினர் கைக்கொள்ளும் பொது அளவு. கட்டுநாயக்கவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பத்து மணி நேரப் பயணம் எனக் கொள்வோம். வீணாக ஏற்றிய 100 கிலோ பாரம் 30 கிலோ எண்ணெயைக் குடிக்கும். 95 கிலோ காபனீரொட்சைட்டை விட்டுச் செல்லும். பெட்டியில் மிகையாக இட்ட பனிக்கட்டியும், எவரும் உண்ணாத மீன்தலையும் முள்ளும் இவ்வாறே எண்ணெய் குடித்துக்கொண்டு பறக்கின்றன.

இதனைக் குறைக்கும் வழிகள் பல. முதலாவது, விமானத்தைப் பற்றியது. புதிய இயந்திரங்கள் பொருத்திய விமானங்கள் தம் முன்னோடிகளைவிட 15 முதல் 20 வீதம் குறைவாக எண்ணெய் செலவழிக்கின்றன. ஏ320 நியோ இனம் இதற்கு எடுத்துக்காட்டு.

இரண்டாவது, சரக்குப் பேழை. அலுமினியப் பேழைக்குப் பதிலாக இலேசான செயற்கை இழைப் பேழையைக் கொண்டால் ஒவ்வொன்றிலும் பல கிலோ நிறை குறையும். ஒரு விமானத்திற் பல பேழைகள். ஓராண்டிற் பல நூறு பயணங்கள். சிறு துளி பெருவெள்ளமாவது இங்ஙனமே.

மூன்றாவது, ஏற்றும் முறை. நம்மூர் மாட்டுவண்டிக்காரர் முன்பாரம் பின்பாரம் பார்த்தே மூட்டை அடுக்குவர். விமானத்திலும் அதே கலைதான். பாரம் முன்னே மிகுந்தால் மூக்குத் தாழாதிருக்க வாற்சிறகு பின்புறத்தைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும்; அதனால் இழுவை கூடும். பாதுகாப்பு எல்லைக்குள் பாரத்தைச் சற்றுப் பின்னே அமைத்தால் எண்ணெய் மிஞ்சும்.

நான்காவது, இடத்தை வீணாக்காமை. உலகின் ஆகாயச் சரக்கிற் கணிசமான பகுதி பயணிகள் விமானத்தின் அடியறையிலேயே செல்கின்றது. எப்படியும் பறக்கவிருக்கும் விமானத்தில் வெற்றிடத்தை நிரப்புவது தனி விமானம் விடுவதினும் சிக்கனமானது. 2020 இல் நோய்த்தொற்றினாற் பயணிகள் சேவைகள் நின்றபோது, பயணிகளற்ற விமானங்களைச் சரக்குக்கென்றே செலுத்த வேண்டிய நிலை பல நாடுகளில் ஏற்பட்டது.

இவையெல்லாம் விமான நிறுவனத்தார் செய்ய வேண்டியவை. அனுப்புவோர் செய்யத்தக்கது இவற்றினும் பெரிது. முழுச் சூரையில் தசை ஏறக்குறையப் பாதியே. இங்கேயே துப்புரவாக அறுத்துத் தசையை மட்டும் அனுப்பினால் பாரம் பெரிதும் குறையும்; கழிவு மீன்தூளாகும்; வேலையும் கூலியும் நம் நாட்டிலே தங்கும். ஆனால் அறுத்த மீன் விரைவிற் கெடுமாதலால், குளிர் குன்றாத தூய தொழிற்சாலைகள் வேண்டும். இன்னொரு வழி, மீனை -60 பாகை செல்சியசில் உறையவைத்துக் கப்பலில் அனுப்புவது. ஒரு தொன் சரக்கை ஒரு கிலோமீற்றர் கொண்டு செல்லப் பெரிய கப்பல் 10 முதல் 20 கிராம் காபனீரொட்சைட்டு விடும். விமானமோ 500 கிராமுக்கு மேல் விடும். மருதமுனைக் கைத்தறிச் சேலை கெட்டுப்போவதில்லை. அது கப்பலுக்குக் காத்திருக்கலாம். கெடும் பொருளுக்கே ஆகாயம் என்பதே நாம் கொள்ளத்தக்க விதி.

எண்ணெயையே மாற்றுவதும் ஒரு வழி. பாவித்த சமையல் எண்ணெய், கொழுப்பு முதலியவற்றிலிருந்து விமான எண்ணெய் செய்கின்றனர். அண்மையிற் காற்றிலிருந்து பெற்ற காபனையே அது திரும்ப விடுவதாற் பூமிக்குப் புதுச்சுமை குறைகின்றது. விலையோ இரட்டிப்புக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியம் தன் விமான நிலையங்களில் வழங்கும் எண்ணெயில் இத்தகையது 2025 இல் 2 வீதமும், 2030 இல் 6 வீதமும், 2050 இல் 70 வீதமும் இருத்தல் வேண்டும் எனச் சட்டம் இயற்றியுள்ளது. அங்கிருந்து திரும்பும் விமானத்தின் செலவு ஏறினால், நம் மீனின் கூலியும் ஏறக்கூடும்.

இது தொலைவிலுள்ளார் கவலை என்று இருந்துவிடலாகாது. மீன்பிடி ஒழுங்குகளை நாம் பேணவில்லையென்று 2015 இன் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது; 2016 இலேதான் அது நீங்கியது. எங்கோ எழுதப்பட்ட விதி நம் மீனவர் வீட்டு அடுப்பைத் தொட்டது. மீனின் பின்னே வரும் புகையையும் வாங்குவோர் கணக்கிடும் காலம் வருமுன் நாம் ஆயத்தமாதல் வேண்டும். அன்றியும், வெப்பம் மிகுந்து கடல் உயர்ந்தால் முதலில் நனைவது நம்மனைய கரையோர ஊர்களே. 2004 மார்கழி 26 ஆம் நாள் கடல் வந்த வரவை இக்கரையோர் மறக்கவில்லை. அது நிலநடுக்கத்தால் வந்தது. ஆயினும் கடல் அடியெடுத்து வைத்தால் என்னாகும் என்பதை நமக்குக் காட்டிச் சென்றது.

ஆகையால் விமானத்தை வெறுப்பதும் தகாது. வீண் பாரத்தைப் பொறுப்பதும் தகாது. மாணவர்காள்! பௌதிகமும் இரசாயனமும் பரீட்சைக்கு மட்டும் உரியவை அல்ல. உங்கள் தந்தையர் பிடித்த மீன் இலேசாகப் பறக்கவும் நல்ல விலை பெறவும் வழி காண்பதற்கும் அவை உதவும். அவ்வழி காண்போர் இக்கல்லூரியிலிருந்து புறப்படுவாராக.