கரும்பொருளுக்கு எல்லை வகுத்தல்

பேரண்டத்திலுள்ள பொருளில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு ஒளியை உமிழ்வதுமில்லை, உறிஞ்சுவதுமில்லை. அதன் ஈர்ப்பு ஒன்றே அதற்குச் சான்று. கோமா திரளில் உள்ள விண்மீன் மண்டலங்களின் வேகத்தை 1933இல் ஆராய்ந்த ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கண்ணுக்குப் புலனாகும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைப் பிணைத்து வைக்கப் போதாது என்று காட்டினார். இவ்வாறு மறைந்து நிற்பதையே கரும்பொருள் என்கிறோம்.

அது காலப்போக்கில் எவ்வாறு திரண்டது என்பதை அறிவியலாளர் கணினியில் உருவகித்துப் பார்க்கின்றனர். 2005இல் வெளியான 'மில்லேனியம்' உருவகம், பக்கத்திற்கு 200 கோடி ஒளியாண்டுக்கும் மேற்பட்ட கனசதுர வெளியில் 1,000 கோடிக்கும் அதிகமான துகள்களின் இயக்கத்தைக் கணித்தது. ஆயினும் கணினி இறுதியில் தருவது, துகள்களின் இடமும் வேகமும் அடங்கிய பட்டியலே. 'ஹாலோ' எனப்படும் கரும்பொருள் திரட்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அப்பட்டியல் கூறுவதில்லை. அதனை ஆய்வாளரே வகுத்தாக வேண்டும்.

இதற்கு 1985இல் டேவிஸ், எஃப்ஸ்டாதியூ, ஃப்ரெங்க், வைட் ஆகியோர் கையாண்ட வழி 'நண்பரின் நண்பர்' முறையாகும். துகள்களின் சராசரி இடைவெளியில் ஒரு குறித்த பின்னத்திற்குள், பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கிற்குள், நெருங்கி நிற்கும் இரு துகள்கள் நண்பர்கள். நண்பரின் நண்பரும் அக்குழுவைச் சேர்ந்தவரே. எளிய விதிதான். ஆனால் இரு திரட்சிகளுக்கு இடையே துகள்கள் மெல்லிய பாலம்போல் அமைந்துவிட்டால், இரண்டும் ஒன்றாக எண்ணப்பட்டுவிடும்.

2001இல் ஸ்பிரிங்கலும் உடன் ஆய்வாளர்களும் உருவாக்கிய 'சப்ஃபைண்ட்' முறை, பெருந்திரட்சிக்குள் அடர்த்தி மிகுந்த இடங்களைத் தேடி, ஈர்ப்பால் பிணைக்கப்படாத துகள்களை நீக்குகிறது. எனினும் சிறுதிரட்சி ஒன்று பெரியதன் மையத்தைக் கடக்கும்போது, சூழ்ந்துள்ள அடர்த்தியில் அது மறைந்துபோகும். 2013இல் வெளியான 'ராக்ஸ்டார்' முறை இடத்துடன் வேகத்தையும் சேர்த்து நோக்குவதால், ஒரே இடத்தில் நின்றும் வெவ்வேறு வேகத்தில் செல்லும் திரட்சிகளைப் பிரித்தறிகிறது.

இவை வெறும் கணக்கு நுணுக்கங்கள் அல்ல. நமது பால்வீதி போன்ற மண்டலத்தைச் சுற்றி, அதுவரை அறியப்பட்ட துணை மண்டலங்களைவிட மிகப் பல சிறுதிரட்சிகள் இருக்க வேண்டும் என்று 1999இல் உருவகங்கள் காட்டின. கரும்பொருளின் இயல்பு குறித்த கொள்கையே பிழையோ என்ற ஐயம் அப்போது எழுந்தது. பின்னர் மங்கலான துணை மண்டலங்கள் பல கண்டறியப்பட்டன. மிகச் சிறிய திரட்சிகளில் விண்மீன்கள் தோன்றுவது அரிது என்பதும் தெளிவாயிற்று. ஐயம் பெரிதும் தணிந்தது. எனினும் இத்தகைய ஒப்பீடு ஒவ்வொன்றும் திரட்சிகளின் எண்ணிக்கையையே சார்ந்துள்ளது. எண்ணும் முறை தவறினால், கரும்பொருள் எத்தகையது என்ற தீர்ப்பும் தவறும்.