'கர்ணன்' பாடல்கள்: கொண்டாடிய ரசிகர்கள்... கோர்ட்டுக்குப் போன பெயர்! கரிசல் காட்டில் ஏன் இவ்வளவு பேச்சு?

மனசுக்குள் இருக்கும் வலியை மறைக்காமல், தொண்டை கிழியக் கொட்டித் தீர்க்கும் ராக் இசைக்கு மேற்கில் 'எமோ' என்று பெயர். 1980-களின் நடுவில் வாஷிங்டனில் கிளம்பிய பாணி. தூத்துக்குடி மாவட்டம் நாகலாபுரம், விளாத்திகுளம் பக்கம் போய் இதை விளக்கினால், "அட, நம்ம ஒப்பாரிதானே?" என்று சாதாரணமாகக் கேட்டுவிடுவார்கள்.

அந்த ஒப்பாரிக் குரலை 2021-ல் தமிழ்நாடே கேட்டது. மாரி செல்வராஜ் இயக்கி, தனுஷ் நடித்த 'கர்ணன்' படத்தின் முதல் பாடலான 'கண்டா வரச்சொல்லுங்க' பிப்ரவரி 18-ம் தேதி வெளியானது. இசை சந்தோஷ் நாராயணன். அவருடன் சேர்ந்து பாடியவர் கிடாக்குழி மாரியம்மாள் என்ற நாட்டுப்புறப் பாடகி.

ஸ்டார் ஹீரோ படத்தின் முதல் பாட்டு என்றால் குத்துப்பாட்டு அல்லது காதல் பாட்டு வரும். இங்கே வந்தது, காணாமல் போனவனைத் தேடிக் கதறும் குரல். மாரியம்மாளின் குரலில் சினிமாவுக்கான மெருகு எதுவும் கிடையாது. எழவு வீட்டு வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பாடும்போது கேட்கும் அதே கரகரப்பு. அதைத்தான் ரசிகர்கள் கொண்டாடினார்கள். ஊர் எல்லையைத் தாண்டாத குரலை மாற்றாமல் அப்படியே மைக் முன்னால் நிறுத்திவிட்டார் என்று சந்தோஷ் நாராயணனுக்கும் பாராட்டு கிடைத்தது.

சிக்கல் இரண்டாவது பாட்டில் வந்தது.

பெயர் மாறியது ஏன்?

மார்ச் 2-ம் தேதி வெளியான 'பண்டாரத்தி புராணம்' பாடலை யுகபாரதி எழுத, தேவாவும் ரீத்தா அந்தோணி தாசனும் பாடியிருந்தார்கள். தேவா குரலைக் கேட்ட 90-ஸ் கிட்ஸ் குஷியானார்கள். ஆனால் தென் மாவட்டங்களில் பலருடைய காது இசையில் நிற்கவில்லை, பெயரில் நின்றது.

காரணம் இருக்கிறது. இந்தப் பக்கம் அம்மன் கோயில்களில் பூக்கட்டி, பூசை செய்யும் சமூகத்தைப் பண்டாரம் என்று அழைப்பது வழக்கம். அந்த வீட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்தான் பண்டாரத்தி. சென்னையில் கேட்பவருக்கு அது புதுசான, அழகான ஒரு சொல். நாகலாபுரத்திலோ அது பக்கத்துத் தெரு அக்காவைக் குறிக்கும். தங்கள் சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்துவதாகச் சொல்லி, பாடலை நீக்கக் கோரி ஐகோர்ட் மதுரைக் கிளையில் மனு தாக்கலானது.

தன் மண்ணில் வாழ்ந்த பெண்ணைக் கொண்டாடவே அந்தப் பெயரை வைத்ததாகவும், அவமதிக்கும் எண்ணம் இல்லை என்றும் விளக்கம் கொடுத்த மாரி செல்வராஜ், மார்ச் கடைசியில் பெயரை 'மஞ்சனத்தி புராணம்' என்று மாற்றினார்.

மஞ்சனத்தி என்பது மரம். மற்ற ஊர்களில் நுணா என்பார்கள். மழை பொய்த்த கரிசலிலும் பச்சையாக நிற்கும். கட்டையை வெட்டினால் உள்ளே மஞ்சள். பாரம் குறைவு என்பதால் மாட்டுக்கு நுகத்தடி செய்வார்கள். சாதியைச் சுட்டிய பெயர் போய், எல்லோர் காட்டிலும் நிற்கும் மரத்தின் பெயர் வந்தது. 'நல்ல முடிவு' என்றது ஒரு தரப்பு. 'கலைஞன் ஏன் பணிய வேண்டும்?' என்று கேட்டது இன்னொரு தரப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை.

படம் வந்த பிறகு...

ஏப்ரல் 9-ம் தேதி படம் ரிலீஸ். மறுநாளே கொரோனா காரணமாக தியேட்டர்களில் 50 சதவீத இருக்கைதான். அப்படியும் பாட்டைக் கேட்கும் விதம் மாறியது. படத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிறுமி வலிப்பு வந்து நடுரோட்டில் கிடக்கிறாள். வண்டிகள் நிற்காமல் போகின்றன. ஊருக்கு பஸ் நிற்காது. புதூர், நாகலாபுரம் பக்கம் டவுன் பஸ்ஸுக்கு வெயிலில் காத்துக் கிடந்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. அதே மாவட்டத்தில், ஓட்டப்பிடாரம் பக்கமுள்ள கொடியங்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31-ல் நடந்த போலீஸ் தாக்குதலை விமர்சகர்கள் பலர் நினைவுபடுத்தினார்கள். வெறும் சோகப் பாட்டாகக் கேட்டது, சொந்தச் சாவுப் பாட்டாகக் கேட்கத் தொடங்கியது.

ஒரு ஆல்பம் இப்படி இரண்டு முறை எடை போடப்படுவது புதிதல்ல. 'வீசர்' என்ற அமெரிக்க ராக் குழுவின் 'பிங்கர்டன்' 1996-ல் வந்தபோது, அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்களில் ஒன்று என்று 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை வாசகர்களே ஓட்டுப் போட்டார்கள். பாடகர் தன் அந்தரங்கத்தை ரொம்பவே திறந்து காட்டிவிட்டார் என்ற கூச்சம். 2002-ல் அதே பத்திரிகை வாசகர்கள், எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆல்பங்களில் அதற்கு 16-வது இடம் கொடுத்தார்கள்! இன்று எமோ இசைக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஆல்பம் அது.

'கர்ணன்' பாடல்களுக்கு அந்த அளவுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையிலேயே பாராட்டு, வழக்கு, பெயர் மாற்றம் எல்லாம் முடிந்துவிட்டது. கிடாக்குழி மாரியம்மாள் அடுத்த ஆண்டு ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில், தீயுடன் சேர்ந்து 'எஞ்சாயி எஞ்சாமி' பாடினார். அந்தப் பாட்டை எழுதிப் பாடிய அறிவு அன்று மேடையில் இல்லை. வலி யாருடையது, பாட்டு யாருடையது என்ற சண்டை அங்கே மறுபடி ஆரம்பித்தது.